இரண்டாம் பிரதி

செகந்திராபாத்தை அடுத்த மல்காஜ்கிரியில் ஜகதீசன் குடியிருந்த அடுக்ககத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்த கிரிஜா, அழைப்புமணியை அழுத்தாமல் வெகு நேரம் நின்றாள். மௌலா அலி குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு ஆட்டோ மாறி வந்திருந்தாள். காய்கறி வாங்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தாள். இருபத்தேழு வயதில், நான்கு வருடமாக சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவளுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இரண்டு மணி நேரம் வெளியே இருக்க வெண்டைக்காயைச் சாக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

கதவு தானாகத் திறந்தது.

"கதவுக்குக் கீழ நிழல் தெரிஞ்சுது. மணி அடிக்க முகூர்த்தம் பார்க்கறியா?" என்றாள் ஜகதீசனின் மனைவி சாவித்ரி. செகந்திராபாத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. காலை பஸ்ஸில் கிரிஜாவுக்கு இடம் பிடித்து வைப்பவள். "உள்ள வா. ஏங்க, நான் சொன்னேனே, அந்தப் பொண்ணு!"

ஜகதீசன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்பு ஆய்வகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். உடைந்துபோன பாகங்களை அவர் மேஜைக்கு அனுப்புவார்கள். ஏன் உடைந்தது என்று அவர் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களும் அவரிடம் வர ஆரம்பித்திருந்தார்கள்.

"சார், எனக்கு வர்ற மெயில் சிலது ரெண்டு தடவை வருது" என்றாள் கிரிஜா. சொன்னதும் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் சாவித்ரி. "எங்க ஆபீஸ்ல ஒரே சர்க்குலர் மூணு தடவை வரும். நாலாவதா ஒண்ணு வரும், முதல் மூணையும் ரத்து பண்ணி."

ஜகதீசன் கத்தியைக் கீழே வைத்தார். "சிலதுன்னு சொன்னே. எல்லாம் இல்லையா?"

"இல்ல சார். சிலது மட்டும்."

"என்னென்ன பண்ணிப் பார்த்தே?"

கிரிஜா சாஃப்ட்வேரைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருப்பவள். அதனால் கோர்வையாகச் சொன்னாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் மெயிலை இறக்கிக்கொள்ளும் ப்ரோகிராம் ஒன்று இருந்தது. காலை ஏழரைக்கு ஒருமுறை, மாலை ஆபீசிலிருந்து வந்து எட்டு மணிக்கு ஒருமுறை திறப்பாள். ஒரே கணக்கு இரண்டு தடவை பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. மெயிலைப் பிரித்துப் போடும் விதிகளையெல்லாம் அழித்தாள். வைரஸ் தடுப்பானை நிறுத்திப் பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை.

"செட்டிங்ஸ்ல ஒரு டிக் இருந்தது. 'சர்வரில் ஒரு காப்பியை விட்டுவை'ன்னு. அது நான் போட்டதில்ல. தம்பி அனிருத்தா இருக்கும், அவன்தான் எல்லாம் செட் பண்ணிக் கொடுத்தான். ஆனா அந்த டிக் இருந்தாலும் தப்பில்ல சார். எந்த மெயிலை எடுத்தாச்சுன்னு ப்ரோகிராம் நம்பர் வெச்சு ஞாபகம் வெச்சுக்கும். எடுத்ததைத் திரும்ப எடுக்காது."

"சரி. ஆனா மிஷின் கோளாறுக்கு யாரும் ஞாயித்துக்கிழமை இவ்வளவு தூரம் வர மாட்டாங்க. வேற என்ன?"

கிரிஜா மேஜையிலிருந்து ஒரு பீன்ஸை எடுத்து நார் உரித்தாள். கீழே தெருவில் ஒருவன் பழைய பேப்பர் கேட்டுப் போனான். அவன் குரல் முனை திரும்பித் தேய்ந்தது. சாவித்ரி இரண்டு முறை வாயைத் திறந்தாள். ஜகதீசன் கண்ணாலேயே அடக்கினார்.

"யாரோ என் மெயிலைப் படிக்கறாங்க சார்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சிங்கப்பூரில் ஒரு வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். பதிமூன்றாம் தேதி சனிக்கிழமை பதினோரு மணிக்குப் போனில் பேட்டி என்று மெயில் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை இரவு அப்பா, மறுநாள் பத்தரைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். பேட்டி போயிற்று. கெஞ்சி வேறு நாள் வாங்கி, ஆபீஸ் மொட்டை மாடியிலிருந்து பேசினாள். பிறகு ஆண்டனி எழுதினான். பட்டான்செருவில் மருந்துத் தொழிற்சாலையில் கெமிஸ்ட். இருபதாம் தேதி சனிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாண நோட்டீஸ் கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தான். அன்று காலை அம்மாவுக்கு நெஞ்சு வலி. நாள் முழுதும் ஆஸ்பத்திரி. கடைசியில் வாயு என்றார்கள்.

"சிங்கப்பூர்க்காரங்க வேலை கொடுத்துட்டாங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வரேன், வரலைன்னு சொல்லணும்."

"போக வேண்டியதுதானே!" என்றாள் சாவித்ரி.

"அந்த மெயில் ஐடியை நெட் சென்டர்ல ஆரம்பிச்சுக் கொடுத்ததே ஆண்டனிதான் ஆன்ட்டி. பாஸ்வேர்டும் அவன் வெச்சதுதான். போன ஞாயித்துக்கிழமை அவனை நேராவே கேட்டேன், நீதான் படிக்கறியா, நீதான் எங்க வீட்டுக்குச் சொல்றியான்னு. அவனுக்குச் சிங்கப்பூர்ல இஷ்டமில்ல. அதான்..." அவள் கைக்குட்டையை மடித்தாள். "ஒண்ணும் சொல்லாம எழுந்து போயிட்டான். ஏழு நாளாச்சு. அவன்தான்னா நான் எங்கேயும் போகப்போறதில்ல சார். எங்கே போனா என்ன? அப்பா காட்டற இடத்துல தலையை நீட்டிடறேன்."

ஜகதீசன் கை நீட்டினார். "லிஸ்ட் கொண்டு வந்திருக்கியா? உன் வேலையில பழக்கம் இருக்குமே."

கிரிஜா பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள். ஒன்றில் ஆகஸ்ட் மாதத்தில் இரட்டித்து வந்த மெயில்கள். முதல் பிரதி எப்போது வந்தது, இரண்டாவது எப்போது வந்தது என்ற குறிப்பு. மற்றொன்றில் ஒரு ஜோடியின் தலைக்குறிப்பு முழுவதும் அச்சிட்டிருந்தது. மெயில் எந்த வழியாக, எந்த நொடியில் வந்து சேர்ந்தது என்ற முத்திரைகள் அதில் வரிசையாக இருந்தன.

ஜகதீசன் இரண்டாவது தாளை முதலில் பார்த்தார். "ரெண்டு பிரதியிலும் நொடி வரைக்கும் ஒரே முத்திரை. அனுப்பினவங்க ஒரு தடவைதான் அனுப்பியிருக்காங்க. நடுவுல யாரும் திருப்பி அனுப்பவும் இல்ல. அப்படின்னா இன்னொரு முத்திரை ஏறியிருக்கும். ஒரே கடிதம்தான். உன் ப்ரோகிராம் அதை ரெண்டு தடவை எடுத்திருக்கு."

"ஆனா நம்பர்..."

"அதேதான் கேள்வி. நம்பர் ஏன் மாறிச்சு?" அவர் முதல் தாளுக்கு வந்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

புதன் பத்தாம் தேதி சிங்கப்பூர் மெயில்; இரண்டாம் பிரதி வியாழன் மாலை. வெள்ளி பன்னிரண்டு இரவு, கோயம்புத்தூர் சகுந்தலா சித்தியின் மெயில், 'அவசரப்பட்டு மாப்பிள்ளைக்குச் சரி சொல்லாதே' என்று எழுதியது. இரண்டாம் பிரதி செவ்வாய் பதினாறு மாலை. சனி பதிமூன்று, மீண்டும் சிங்கப்பூர். அதுவும் செவ்வாய் பதினாறு. புதன் பதினேழு ஆண்டனி, மறுநாள் மாலை. புதன் இருபத்துநான்கு, வேலை உத்தரவு, மறுநாள் மாலை.

"எது எது இரட்டிக்கல?"

"விளம்பரம், காலேஜ் க்ரூப்ல வர ஜோக், ரயில் டிக்கெட். எங்க மேனேஜர் சந்திரமோகன் சில சமயம் இந்த ஐடிக்கு எழுதுவார், அதுவும் இல்ல."

"மேனேஜர்!" என்று சாவித்ரி மேஜையைத் தட்டினாள். "அவன்தான். நல்லா வேலை செய்யற பொண்ணை விட மனசு வராது. தன் மெயிலைத் தானே எதுக்குப் படிக்கணும்? அதான் அது இரட்டிக்கல!"

"பாதி சரி" என்றார் ஜகதீசன். "சிங்கப்பூரை அவர் படிக்கலாம். சித்தி எழுதினதை எதுக்குப் படிக்கணும்? ஆனா நீ சொன்ன மீதிப் பாதி ரொம்பச் சரி சாவித்ரி. தான் எழுதினதைத் தானே யாரும் திருட்டுத்தனமா எடுத்துப் படிக்க மாட்டாங்க. ஆண்டனி எழுதினது இரட்டிச்சிருக்கு."

கிரிஜா தாளைப் பார்த்தாள். அதை எழுதியவளே அவள்தான். ஐந்தாறு முறை படித்திருந்தாள். அந்த ஒரு வரி அவள் கண்ணில் படவேயில்லை.

"ப்ரோகிராமுக்குப் பாஸ்வேர்டை யாரு கொடுத்தது?" என்றார் அவர்.

"நான் ஆபீஸ்ல இருந்தேன். வீட்டுக்குப் போன் பண்ணி அனிருத்கிட்ட சொன்னேன்."

"எழுதிக்கிட்டானா?"

"எழுதாம? எங்க வீட்ல எந்த நம்பர் வந்தாலும் ஒரே டைரியில எழுதணும். கேஸ் நம்பர், மீட்டர் நம்பர், எல்.ஐ.சி..." அவள் குரல் மெலிந்தது.

"வீட்ல யாரு யாரு? என்ன பண்றாங்க?"

"அம்மாவுக்குக் கம்ப்யூட்டர்னாலே பயம். அனிருத் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், வீட்டு மிஷின் பாதி நேரம் அவன்கிட்டதான். அப்பா பக்கத்துலயே ஒரு மத்திய அரசு ஆலையில தபால் செக்‌ஷன் சூப்பரின்டென்டன்ட். ஜூன்ல அவங்களுக்குக் கம்ப்யூட்டர் ட்ரெயினிங் போட்டாங்க. வந்து ஒரு வாரம், மவுஸ் பிடிச்ச கை வலிக்குதுன்னு தைலம் தேய்ச்சுக்கிட்டார்."

சாவித்ரி சிரித்தாள். ஜகதீசன் சிரிக்கவில்லை. பக்கத்து அறையில் மகன் விட்டுப்போன கம்ப்யூட்டரை ஓடவிட்டு, "ப்ரோகிராம் வேண்டாம். நெட் வழியா நேரா உன் பெட்டிக்குள்ள போய்க் காட்டு" என்றார்.

கிரிஜா அந்த வழியாகப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. திரை மெல்லத் திறந்தது. இடப்பக்கத்தில் வழக்கமான பெட்டிகள். அவற்றின் கீழே அவள் உண்டாக்காத ஒன்று. ஆங்கிலத்தில் மூன்று பெரிய எழுத்து, டி, ஏ, கே: டாக்.

சாவித்ரி எட்டிப் பார்த்து அதைத் திறக்கச் சொன்னாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"சே, காலி!"

"காலியா இருக்கறதுதான் விஷயம்" என்றார் ஜகதீசன். கிரிஜா பக்கம் திரும்பினார்.

கிரிஜா குடிக்கத் தண்ணீர் கேட்டாள். டம்ளர் வந்தது. குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த அறையின் ஒரே ஜன்னலில் அடுத்த கட்டடத்தின் சுவர் கை தொடும் தூரத்தில் நின்றது. வெகு நேரம் அவள் அதையே பார்த்தாள்.

"உனக்குத் தெரிஞ்சுடுச்சு" என்றார் அவர் தணிந்த குரலில். "வீட்டுக்குப் போய் நீயே சொல்றியா? நான் சொல்லட்டுமா?"

"நீங்க வாங்க சார். நான் சொன்னா சண்டைன்னு ஆயிடும். நீங்க சொன்னா எதிர்த்துப் பேச முடியாது."

மௌலா அலி குவார்ட்டர்ஸில் கூடம் சிறியது. டி.வி., தையல் மெஷின், கம்ப்யூட்டர், நான்கு நாற்காலி போட்டால் நடக்க இடமில்லை. அப்பா நாராயணசாமி சட்டையை மாட்டிக்கொண்டு வந்து விருந்தாளிகளைக் கும்பிட்டார். அம்மா காப்பி போடப் போனாள். அனிருத் கம்ப்யூட்டர் விளையாட்டை நிறுத்தாமலே, "வெண்டைக்காய் எங்கே அக்கா? இவங்களா?" என்றான்.

"உங்க பொண்ணு கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறு சார். அதைப் பத்திப் பேசலாம்னு வந்தேன்" என்றார் ஜகதீசன். "தம்பி, 'சர்வரில் ஒரு காப்பியை விட்டுவை'ன்னு டிக் போட்டது நீயா?"

"ஹவ், நான்தான். ஜூலைல" என்றான் அனிருத், ஊர்ப் பையன்களின் உருது கலந்து.

"எதுக்கு?"

"கைக்குன்னா... அப்பா சொன்னாரு. எந்த லெட்டருக்கும் ஆபீஸ் காப்பின்னு ஒண்ணு இருக்கணுமாம். சேஃப்டி. நான்கூட நக்கோ, வேணாம்னேன், பெட்டி நிறைஞ்சுடும்னு. கேட்டாத்தானே!"

நாராயணசாமி காலண்டரைப் பார்த்தார்.

ஜகதீசன் அவரைப் பார்க்காமல் பேசினார். தாளைக்கூடக் கையில் எடுக்கவில்லை. "அந்த டிக் இல்லேன்னா கிரிஜா இறக்கினதும் சர்வர்ல மெயில் இருக்காது. இருந்ததால, வேற இடத்துலேருந்து ஒருத்தர் அதைப் பார்க்க முடிஞ்சது. காலையில எடுக்கறப்ப இரண்டாம் பிரதி வந்ததே இல்ல. எப்பவும் சாயங்காலம்தான். அப்போ அவர் பகல்ல பார்க்கறார். பன்னிரண்டாம் தேதி ராத்திரி வந்ததையும் பதிமூணாம் தேதி வந்ததையும் பதினாறுதான் தொட்டிருக்கார். நடுவுல சனி, ஞாயிறு, திங்கள் சுதந்திர தினம். வீட்லேருந்தோ நெட் சென்டர்லேருந்தோ பார்க்கறவருக்கு லீவு கிடையாது. வாரத்துல அஞ்சு நாள் திறக்கற ஒரு ஆபீஸ் மேஜையிலேருந்துதான் பார்த்திருக்கார்."

"அனிருத்தும் காலேஜ்லேருந்து பார்க்கலாமே?" என்றாள் சாவித்ரி. அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஆன்ட்டி!" என்றான் அனிருத்.

"அவனுக்குத் தேவையே இல்ல. இதோ, இந்த மிஷின்ல பாஸ்வேர்டே கேட்காம எல்லாம் திறந்து கிடக்கு. தவிர, இவன் வயசுப் பையன் மெயிலைப் படிச்சா படிச்சுட்டுப் போயிடுவான். நாம தேடறவர் அப்படிப் படிக்கல. ஒவ்வொண்ணா பொறுக்கித் தனிப் பெட்டிக்கு மாத்தியிருக்கார். படிச்சதும் பழைய இடத்துக்கே திருப்பி வெச்சிருக்கார். சில சர்வர்கள்ல ஒரு மெயிலை வெளிய எடுத்துத் திரும்பப் போட்டா அதுக்குப் புது நம்பர் விழும். புது நம்பரைப் பார்த்த ப்ரோகிராம் புதுக் கடிதம்னு நினைச்சு மறுபடி இறக்கிடும். இவ்வளவுதான் கோளாறு."

காப்பி டம்ளர்களுடன் வந்த அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எங்க லேப்லயும் இதே வழக்கம்தான் சார்" என்று ஜகதீசன் இப்போதுதான் நாராயணசாமியைப் பார்த்தார். "காலையில வந்த தபாலை ஒரு அட்டையில வெச்சு அதிகாரிக்கு அனுப்புவாங்க. டாக் பேட், அதாவது தபால் அட்டை. பார்த்து முடிச்சதும் ஒண்ணு குறையாம செக்‌ஷனுக்குத் திரும்பணும். அட்டை காலியாகணும். இந்தப் பெட்டியிலயும் டாக்னு ஒரு அட்டை இருக்கு. காலியா."

மின்விசிறி சுற்றியது. அனிருத்தின் விளையாட்டில் யாரோ செத்துப்போன சத்தம் கேட்டது; அவன் ஒலியை அணைத்தான். நாராயணசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போடவில்லை.

"முப்பத்திரெண்டு வருஷம் தபால் செக்‌ஷன்ல இருக்கேன்" என்றார். "என் கையில ஒரு லெட்டர் தொலைஞ்சதில்ல. இதுலயும் ஒண்ணைக்கூட அழிக்கல. அழிக்க நினைச்சிருந்தா அழிச்சிருக்கலாம். எடுத்த இடத்துல வெச்சேன்."

"தெரியும் சார். அழிச்சிருந்தீங்கன்னா நானும் இங்க வந்திருக்க மாட்டேன்."

"பெத்தவன் பார்க்கக்கூடாதா?"

ஜகதீசன் எழுந்து சாவித்ரியையும் எழுப்பினார். சாவித்ரி போகும்போது கிரிஜாவின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். படிகளில் அவர்கள் இறங்கும் ஓசை முடிந்த பிறகுதான் கிரிஜா வாய் திறந்தாள்.

"அம்மாவுக்கு நெஞ்சு வலி?"

அம்மா டம்ளர்களைத் தையல் மெஷின் மேல் வைத்தாள். "அவர்தான் சொல்லச் சொன்னார்டி" என்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"நான் ஆண்டனியைக் கேட்டேன்ப்பா. நீதானா திருடன்னு கேட்டேன். ஏழு நாளா அந்தப் பேரைத்தான் மனசுல திட்டிக்கிட்டிருந்தேன். உங்களை ஒரு நிமிஷம்கூட நினைக்கல."

நாராயணசாமி எழுந்து வாசல் பக்கம் போனார். எங்கும் போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார். அவருடைய அகலமான முதுகு வெளிச்சத்தை மறைத்தது.

கிரிஜா தம்பியை நகரச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். நெட் வழியாகவே பெட்டிக்குள் போனாள். சிங்கப்பூர்க்காரர்களுக்கு நான்கு வரி எழுதினாள். ஒப்புக்கொள்கிறேன், அக்டோபர் முதல் தேதி வந்து சேருகிறேன். அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்துக்குப் போனாள். விரல்களை விசைகளின் மேல் வைத்தபோது அப்பா திரும்பிப் பார்ப்பதை உணர்ந்தாள். அவள் தட்டவில்லை. காத்திருந்தாள்.

நாராயணசாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் தட்டி முடிக்கும் வரை அப்படியே நின்றார்.

கிரிஜா எழுந்து கைப்பையை எடுத்தாள். மணி பதினொன்றரை. பட்டான்செரு ஊரின் மறு கோடி. இரண்டு மணிக்கு, ஞாயிறும் ஓடும் ஆலையில் முதல் ஷிப்ட் விடும்போது வாசலில் நின்றால் அவன் வருவான். அவனிடம் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மெயிலில் எழுதக்கூடிய விஷயமில்லை அது.

"எங்கே?" என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடி.

"பட்டான்செருவுக்கு."

அவர் நகரவில்லை. நிலையில் ஊன்றிய கை அப்படியே இருந்தது. அம்மா மூச்சுவிடும் சத்தம் கேட்டது. கெஞ்சவும் கூடாது, கத்தவும் கூடாது என்று மட்டும் கிரிஜா நினைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் வழி விடுங்கப்பா."

கை இறங்கியது. உடம்பு விலகவில்லை, ஒருக்களித்தது. ஒரு ஆள் நேராக நடந்து போக அந்த இடைவெளி போதாது. கிரிஜா பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, அவர் சட்டையில் உரசியபடி வெளியே போனாள்.